மூன்று தடவை அழுத்தினால் ஒரு தடவை திறந்த பக்கம்

2024 ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் காலை, நான் சர்வர் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் வரவேற்பில் இருந்து போன் வந்தது. "சார், ரிப்போர்ட் பக்கம் மூணு தடவை அழுத்துனா ஒரு தடவைதான் திறக்குதுங்க." கோவையிலும் சுற்று வட்டாரத்திலும் சாம்பிள் எடுக்கும் மையங்கள் உள்ள கூடம் அது. நோயாளிகள் தங்கள் முடிவுகளை அந்தப் பக்கத்தில்தான் பார்க்கிறார்கள். ஃபயர்பாக்ஸில் திறந்தேன், ஒரு குறையும் இல்லை. குரோமில் திறந்தால் இணைப்பு அறுந்தது. மறுபடி அழுத்தினேன், மறுபடியும் அறுந்தது. மூன்றாவது தடவை ஒன்றுமே நடக்காதது போல் திறந்துகொண்டது.

நாங்கள் அந்த வாரம் எதையும் தொடவில்லை. மாறியது குரோம்தான். பிரவுசரும் சர்வரும் தங்கள் பேச்சைப் பூட்ட ஒரு ரகசியச் சாவியை முடிவுசெய்துகொள்வதைச் சாவிப் பரிமாற்றம் என்பார்கள். குவாண்டம் கணினி வந்தாலும் தாக்குப்பிடிக்கும் சாவிப் பரிமாற்றத்தை, குரோம் 124 பதிப்பிலிருந்து டெஸ்க்டாப்பில் எல்லோருக்கும் தானாகவே இயங்கும்படி செய்திருந்தார்கள். அப்போது அதன் பெயர் கைபர்.

கம்பியில் போகும் தரவைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் கருவியைப் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. பிரவுசர் சர்வருக்கு அனுப்பும் முதல் செய்தியைக் கிளையன்ட் ஹலோ என்பார்கள். பழைய எக்ஸ்25519 முறையில் பிரவுசர் அதில் வைக்கும் பொதுச்சாவி 32 பைட்தான். அதனால் செய்தி முழுவதும் ஒரே பாக்கெட்டில் அடங்கிவிடும். கைபர்-768 பொதுச்சாவி 1184 பைட். ஒரு பாக்கெட்டில் சுமார் 1,460 பைட்தான் போகும் என்பதால், செய்தி இரண்டு பாக்கெட்டாக உடைந்து வந்தது. இப்படி உடைவது, இணையத்தில் தரவை அனுப்பும் டிசிபி விதிப்படி சரியானதுதான். ஆனால் எங்கள் சர்வருக்கு முன்னால் இருந்த பழைய லோட் பேலன்சர் (வரும் இணைப்புகளைச் சர்வர்களுக்குப் பிரித்துவிடும் பெட்டி) முதல் பாக்கெட்டை மட்டும் படித்துவிட்டு, அதிலேயே தளத்தின் பெயரைத் தேடியது. பெயர் கிடைக்காவிட்டால் இணைப்பை அறுத்தது.

சரி, அப்படியானால் மூன்றாவது தடவை மட்டும் எப்படித் திறந்தது? குரோம் அந்தச் செய்திக்குள் இருக்கும் பகுதிகளை ஒவ்வொரு முறையும் வரிசை கலைத்துத்தான் அனுப்புகிறது. தளத்தின் பெயர் சாவிக்கு முன்னால் வந்தால் முதல் பாக்கெட்டிலேயே இருக்கும், பக்கம் திறக்கும். பெரிய சாவிக்குப் பின்னால் போய்விட்டால் இரண்டாவது பாக்கெட்டுக்குள் தள்ளப்படும், பக்கம் அறுபடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை நாள் ஆனது. எப்போதும் பழுதாக இருந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் பிடித்திருப்பேன்.

உடனடி வழியாக அலுவலகக் கணினிகளில் குரோமின் நிர்வாகக் கொள்கை மூலம் புதிய முறையை நிறுத்தி வைத்தேன். வெளியில் இருக்கும் நோயாளிகளின் கணினியில் அது நடக்காது அல்லவா? பெட்டியைக் கொடுத்த நிறுவனம், அந்த மாடலுக்கு இனி ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட் வராது என்று சொல்லிவிட்டது. நான்காம் நாள் பெட்டியைக் கழற்றிவிட்டு, என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளையே நேராக முன்னால் வைத்தோம்.

அது முடிந்த பிறகு எங்கள் பக்கமும் புதிய முறைக்கு மாறவேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்டேன். "குவாண்டம் கம்ப்யூட்டரே இன்னும் வரலையேப்பா" என்றார் முதலாளி. அப்படி ஒரு கணினி கிடைத்தால் இன்றைய சாவிகளை உடைத்துவிடலாம் என்பதற்கான கணக்கை பீட்டர் ஷோர் 1994-லேயே போட்டுவிட்டார். கணினி மட்டும்தான் பாக்கி. அது வரும்வரை, இன்று கம்பியில் போவதை யாராவது அப்படியே பிடித்துச் சேமித்து வைத்தால், பிறகு ஒரு நாள் மொத்தமாகத் திறக்கலாம். ஓடிபி என்றால் ஐந்து நிமிடத்தில் செத்த எண். எச்ஐவி முடிவு அப்படி இல்லை. மரபணுச் சோதனை முடிவோ அந்த மனிதரோடு நிற்காமல் அவர் பிள்ளைகளையும் தொடும். 25 வயதுப் பெண்ணின் ரிப்போர்ட் இன்னும் ஐம்பது வருடம் மூடியே இருக்கவேண்டும் என்றேன். அவர் ஒத்துக்கொண்டார்.

ஆனால் அவசரப்படவில்லை. தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பு 2024 ஆகஸ்ட் 13 அன்று இந்த முறைக்கான இறுதித் தரத்தை வெளியிட்டது. அதில் கைபர் சில மாற்றங்களோடு எம்எல்-கெம் ஆனது. பழைய வரைவோடு ஒத்துப்போகாது. நவம்பரில் குரோம் 131 எம்எல்-கெம்முக்கு மாறியது, ஃபயர்பாக்ஸ் 132-ம் அதே சமயத்தில் சேர்ந்துகொண்டது. வரைவை நம்பி முதலிலேயே இறங்கியிருந்தால் இரண்டு தடவை வேலை செய்திருப்போம். சர்வரில் இந்தப் பூட்டு வேலையைச் செய்யும் மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எல்லின் 3.5 பதிப்பு 2025 ஏப்ரலில் வந்தது, அதைச் சேர்த்துக்கொண்டு எங்கள் சர்வரின் இயங்குதளமான டெபியனின் 13-ம் பதிப்பு ஆகஸ்டில் வந்தது. அதற்குத்தான் காத்திருந்தேன்.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு இரவு மேம்படுத்தினேன். ஓபன்எஸ்எஸ்எல் 3.5 எம்எல்-கெம்மைத் தானாகவே முன்வைக்கும் என்பதால், வேலை முடிந்தது என்றே நினைத்தேன். குரோமின் பாதுகாப்புப் பலகத்தைத் திறந்தால் இன்னும் வெறும் எக்ஸ்25519. அமைப்புக் கோப்பை வரி வரியாகப் படித்ததில், எந்தெந்தச் சாவி முறைகளை ஏற்கலாம் என்று யாரோ பல வருடங்களுக்கு முன் கையால் எழுதிய ஒரு வரி கண்ணில் பட்டது. யாரோ என்ன, நான்தான். அந்தப் பட்டியலின் முதலில் எக்ஸ்25519எம்எல்கெம்768 என்பதைச் சேர்த்து, பழைய எக்ஸ்25519-ஐ அடுத்ததாக வைத்தேன்.

அதே கோப்பை மாற்று சர்வருக்கு நகலெடுத்தபோது என்ஜின்எக்ஸ் அதை ஏற்கவே மறுத்தது. அந்தச் சர்வர் இன்னும் டெபியன் 12; அதன் ஓபன்எஸ்எஸ்எல்லுக்கு அந்தப் பெயரே தெரியாது. ரீலோடு செய்வதற்கு முன் சோதனைக் கட்டளையை ஓட்டும் பழக்கம் இருந்ததால் தப்பித்தோம். உங்களிடமும் மாற்று சர்வர் இருந்தால் முதலில் அதை மேம்படுத்துங்கள்.

யார் யார் புதிய முறையில் வருகிறார்கள் என்று பார்க்க, சர்வரின் பதிவேடான லாகில் சாவி முறையையும் எழுதச் செய்தேன். மறுநாள் எம்எல்-கெம் என்று தேடினால் ஒரு வரிகூட இல்லை, வயிறு கலங்கிவிட்டது. அப்புறம்தான் பார்க்கிறேன், பெயருக்குப் பதில் ஒரு பதினாறடிமான எண் வரிசையாக விழுந்திருந்தது. தசமத்தில் மாற்றினால் 4588. எக்ஸ்25519எம்எல்கெம்768-க்கு ஒதுக்கப்பட்ட எண்ணே அதுதான்.

புதிய கணிதத்தை நம்பலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். இது இரண்டையும் சேர்த்த முறை. எக்ஸ்25519-ல் வரும் ரகசியமும் எம்எல்-கெம்மில் வரும் ரகசியமும் கலந்துதான் இறுதிச் சாவி உருவாகிறது. எம்எல்-கெம்மில் நாளை ஓட்டை கண்டுபிடித்தாலும் பழைய பாதுகாப்பு அப்படியே இருக்கும். செலவு, ஓர் இணைப்புக்குப் போகவர இரண்டேகால் கிலோபைட்டுக்குக் கொஞ்சம் மேல். சர்வர் சுமையில் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை.

தளம் உண்மையானதுதான் என்று பிரவுசருக்குக் காட்டும் சான்றிதழை மாற்றவில்லை. அது இன்னும் பழைய ஈசிடிஎஸ்ஏ கையெழுத்து முறைதான், இப்போதைக்கு அது போதும் என்பது என் கருத்து. கையெழுத்தைப் போலியாகப் போட வேண்டுமானால் இணைப்பு நடக்கும் அந்த நேரத்திலேயே குவாண்டம் கணினி கையில் இருக்கவேண்டும். சேமித்து வைத்து முன்தேதியிட்டு ஏமாற்ற முடியாது.

திங்கட்கிழமை வரவேற்புக் கணினியில் அன்று போன் செய்த பெண்ணையே பாதுகாப்புப் பலகத்தைத் திறக்கச் சொன்னேன். எக்ஸ்25519எம்எல்கெம்768 என்று இருந்தது. லாகில் இன்னும் பழைய முறையிலேயே வருபவற்றில் இரண்டு மையங்களின் டேப்லெட்டுகளும் இருக்கின்றன. அவற்றுக்குப் பிரவுசர் அப்டேட் வருவது நின்றுபோய்விட்டது. புதியதாக இரண்டு வாங்கித் தரும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.