தம்பி, கம்பி சேரல

நம் பழைய மாணவர் சங்க மலர்க் குழுத் தம்பி கூப்பிட்டு, "அண்ணே, சாரைப் பத்தி நீங்கதான் எழுதணும், எண்ணூறு சொல் போதும்" என்றார். எந்த சார் என்று நான் கேட்கவில்லை. நம் பினாங்குப் பள்ளியில் மற்ற எல்லோருக்கும் பட்டப்பெயர் இருந்தது. அவர் ஒருவர்தான் வெறும் சார். எண்ணூறில் அடங்காது என்று அப்போதே சொல்லிவிட்டேன். இடம் போதாவிட்டால் வீடு விற்கும் விளம்பரங்களில் ஒன்றை எடுத்துவிடுங்கள். டொரொண்டோவில் இனிமேல் வீடு வாங்கப் போகிறவர் நம்மில் யார்?

வியாழக்கிழமை, அறிவியல் கூடம், மூன்றாம் மேசை. இதற்கு விளக்கம் வேண்டும் என்கிறவர் இந்த மலரைத் தவறிக் கையில் எடுத்தவராகத்தான் இருக்க வேண்டும். நாங்கள் ஐந்து பேர், கிட்டார் இரண்டு. ஒன்று சாருடையது, அதைத் தொடக்கூடாது. மற்றது என்னுடையது, அதைத் தொட முடியாது. கம்பிக்கும் கழுத்துக்கும் நடுவில் பேனா மூடி நுழையும். எஃப் கார்டு (பல கம்பிகளைச் சேர்த்து அமுக்கும் சுரக்கட்டு) பிடித்தால் விரலில் பள்ளம் விழும், சத்தம் எழாது. அப்பா துறைமுகத்தில் இரண்டு மாதம் ஓவர்டைம் பார்த்து வாங்கித் தந்தது என்பதால் அதைக் குறை சொல்லவும் வாய் வராது.

முதல் வியாழக்கிழமை சார் அதை வாங்கிப் பார்த்தார். வாசித்துப் பார்க்கவில்லை. பையிலிருந்து அடிக்கோலை எடுத்து, கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில் பன்னிரண்டாவது, அதாவது பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி எவ்வளவு உயரம் என்று அளந்தார்.

"நாலரை மில்லிமீட்டர். இது கிட்டார் இல்ல, வேலி. ரெண்டரைக்குக் கொண்டு வரணும். அப்ப கீழே பிரிட்ஜ்ல இருக்கிற இந்தக் கட்டைய எவ்வளவு தேய்க்கணும்?"

"ரெண்டு மில்லிமீட்டர் சார்."

"வடிவொத்த முக்கோணம் நேத்துதானேடா நடத்தினேன்?"

நாலு. பன்னிரண்டாவது ஃப்ரெட் கம்பியின் சரிபாதி. பாதி வழியில் இரண்டு இறங்க வேண்டுமானால் கோடியில் நாலு இறங்க வேண்டும். அந்தப் பிளாஸ்டிக் கட்டையில் நாலு மில்லிமீட்டர் தேய்க்க இடமே இல்லை. இரண்டரை தேய்த்தோம். மேசை மேல் மணல்தாளை விரித்து, பத்து முறை இழுப்பது, அளப்பது, மறுபடியும் பத்து முறை. அன்றைக்குப் பாட்டும் இல்லை, கார்டும் இல்லை. வீட்டுக்குப் போய் எஃப் பிடித்தேன். ஆறில் நாலு கம்பி பேசியது. கணக்கு என்பது எதற்காவது உதவும் என்று எனக்குத் தெரிந்த நாள் அதுதான்.

சாரும் ஒரு காலத்தில் மேடை ஏறினவர்தான். 1961-இல் இங்கிலாந்துப் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூருக்கு வந்து வாசித்துவிட்டுப் போன பிறகு நம் பக்கமெல்லாம் நாலு பையன்கள் சேர்ந்த கிட்டார் குழுக்கள் முளைத்தன. கும்புலான் கித்தார் ரஞ்சாக் என்பதைச் சுருக்கி மலாயில் குகிரான் என்றார்கள். அப்படி ஒன்றில் சார் ரிதம் வாசித்திருக்கிறார். லீட் இல்லையா சார் என்று கேட்டதற்கு, "லீடுக்கு முகம் வேணும்டா" என்றார். அவருடைய தோங் கித்தார், மின்சாரம் வேண்டாத மரக் கிட்டார், அந்தக் காலத்தது, ஜப்பானில் செய்தது. மேல்பலகை ஒட்டுப்பலகை இல்லை, கெட்டி ஸ்புரூஸ் மரம். வயசாகித் தேன் நிறத்துக்கு வந்திருக்கும். துளைக்குக் கீழே பிக் உரசி உரசி ஓரிடத்தில் மட்டும் வெளிறியிருக்கும்.

எங்கள் காலத்தில் வேறு ஜுரம். பினாங்குப் பையன்கள், ஆறுமுகம் வீட்டு லோகநாதனும் டேவிட்டும், அல்லிகேட்ஸ் என்ற பெயரில் மலாயில் பாடி நாட்டையே ஆட்டிவைத்திருந்தார்கள். சுருட்டை முடி உள்ள எந்தத் தமிழ்ப் பையனும் சீப்பைத் தொடுவதை நிறுத்தினான். கட்டொழுங்கு ஆசிரியரின் கத்தரிக்கோலுக்கு அந்த இரண்டு வருஷம் ஓய்வே இல்லை. (லோகா 2007-இல் போய்ச் சேர்ந்தார். அன்று நம்மில் எத்தனை பேர் ஒருவரை ஒருவர் கூப்பிட்டு, பேச ஒன்றுமில்லாமல் போனை வைத்தோம்.) 1982-இல் இளையராஜாவின் அந்தப் பாட்டு வந்தது. எந்தப் பாட்டு என்று கிட்டார் பிடித்த தமிழனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 'இளைய நிலா'வுக்குச் சந்திரசேகர் வாசித்த அந்த ஆரம்பத்தைக் கேட்டுவிட்டு, இதில் எத்தனை கிட்டார் என்று ஒரு வாரம் சண்டை போட்டோம். கேசட்டைப் பேனாவால் சுற்றிச் சுற்றி நாடாவே இளைத்துப் போனது.

அந்தக் காற்றில் கம்பி இரண்டு வாரத்தில் துருப்பிடிக்கும். புதுசு வாங்கக் காசு கிடையாது. தடித்த கம்பிகள் மூன்றையும் கழற்றி அம்மாவின் ரசச் சட்டியில் போட்டுக் கொதிக்க வைப்பேன். சுற்றின் இடுக்கில் அடைந்த அழுக்கும் எண்ணெயும் கழன்று வந்துவிடும். நாலு நாளைக்குப் புதுக் கம்பி மாதிரி மினுங்கிப் பேசும். பிறகு மறுபடியும் செத்துப்போகும். எங்கள் வீட்டு ரசத்தில் இரும்புச் சத்து குறைந்ததே இல்லை. எதிர்க்கரை பட்டர்வொர்த்திலிருந்து வருகிறவன் (பாலம் 1985-இல்தான் வந்தது) ஃபெரியில் கடல்காற்று படாமல் இருக்கத் தன் கிட்டாருக்குக் கறுப்புக் குப்பைப் பை போட்டுக் கொண்டுவருவான். பிணம் தூக்கிப் போகிற மாதிரி இருக்கிறதே என்று ஃபெரியில் ஒரு கிழவி கேட்டாளாம்.

இனி அந்த ஆசிரியர் தினம். 1983 மே 16, திங்கட்கிழமை. உங்களில் பாதிப்பேர் எதிரில் உட்கார்ந்திருந்தீர்கள்.

யாரோ ஒருவனுடைய மாமாவிடம் மின்கிட்டார் இரவல் வாங்கியிருந்தோம். சிவப்பு, இரண்டு பிக்கப். கையில் வாங்கியபோது உடம்பெல்லாம் சிலிர்த்தது. களவு போய்விடக்கூடாது என்று காலையில் அதைத் தலைமையாசிரியர் அறையில் வைத்தோம். அந்த ஒரு அறையில்தான் ஏர்கான். அங்கேயே உட்கார்ந்து, அங்கேயே சுருதி சேர்த்து, அங்கேயே பெட்டியில் வைத்து மூடினேன். பதினொரு மணிக்கு மண்டபத்துக்குக் கொண்டுவந்தேன். தகரக் கூரை, தொள்ளாயிரம் பேர், மே மாத வெயில். சூட்டில் கம்பி நீளும், நீண்டால் சுருதி இறங்கும், அதுவும் ஆறு கம்பியும் ஒரே அளவில் இறங்காது. இதெல்லாம் இப்போது தெரிகிறது. அன்று தெரிந்ததெல்லாம், முன்வரிசையில் பக்கத்துப் பள்ளிப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான்.

ஆரம்பத்தை எடுத்தேன். இரண்டு சுற்று போயிருக்கும். பக்கவாட்டுப் படியில் சார் ஏறி வந்தார். பாடகனின் மைக்கை லேசாகத் தன் பக்கம் திருப்பினார்.

"தம்பி, நிறுத்து. கம்பி சேரல."

மண்டபம் முழுக்கக் கேட்டது. ஒலிபெருக்கி ஆம்ப் மட்டும் ம்ம்ம் என்று முனகிக்கொண்டிருந்தது. சட்டைப்பையிலிருந்து அறிவியல் கூடத்து இசைக்கவையை எடுத்து நீட்டினார். 440 என்று பொறித்திருக்கும், உங்களுக்குத் தெரியும்.

"சேர்த்துட்டு வாசி. நாங்க இருக்கோம்."

பத்து நிமிஷம் ஆயிற்று. கை நடுங்கினால் சாவி கூடுதலாகத் திரும்பும். திரும்பினால் மறுபடி முதலிலிருந்து. ஐந்தாவது கம்பி சேர்ந்தது. நாலு சேர்ந்தது. மூன்றும் இரண்டும் எப்போதும் போல் முறைத்துக்கொண்டன. சார் காதருகே கையை வைத்துக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு, பேருந்துக்கு நிற்பவர் மாதிரி பொறுமையாக நின்றார். முதல் கம்பி முடிந்ததும் "இப்ப வாசி" என்று இறங்கிப் போய்விட்டார். வாசித்தேன். எப்படி வாசித்தேன் என்று நினைவில்லை. முடிந்ததும் சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் போய், மீ கோரெங் அக்காவின் தண்ணீர்த் தொட்டியோரம் உட்கார்ந்து அழுதேன். அக்கா ஒன்றும் கேட்காமல் ஒரு ஐஸ் வாட்டர் கொடுத்தார்.

அடுத்த வியாழக்கிழமை போகக்கூடாது என்று சபதம். போனேன். சார் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கரும்பலகையில் 17.817 என்று எழுதினார். 650 மில்லிமீட்டர் கம்பியை இந்த எண்ணால் வகுத்தால் முதல் ஃப்ரெட் வரும்: முப்பத்தாறரை. மிச்ச நீளத்தை மறுபடி வகுத்தால் இரண்டாவது. பன்னிரண்டு தடவை வகுத்தால் சரியாகப் பாதியில் வந்து நிற்கும். "ஆனா ஒரு சங்கதி. இப்படிப் பங்கு போட்டா எட்டாம் சுரம் தவிர எதுவுமே சுத்தமா இருக்காது. மூணாவது கம்பிக்கும் ரெண்டாவதுக்கும் ஏன் சண்டைன்னா அதான். ஒவ்வொரு கம்பியும் கொஞ்சம் கொஞ்சம் பொய் சொல்லுது. எல்லாம் ஒரே அளவு சொல்றதால நமக்குத் தெரியல." அன்றைக்கு நான் மன்னித்தேன் என்று எழுத ஆசைதான். மன்னிக்கவில்லை. இசைக்கவையைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான் என்னால் முடிந்த பழிவாங்கல். பள்ளிச் சொத்து. இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

1989-இல் கனடாவுக்கு வந்தேன். கிளம்புவதற்கு முதல் நாள் சார் ஹோண்டா கப் மோட்டார்சைக்கிளில், பின்னால் கிட்டார் பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். விரல் மூட்டுகள் வீங்கியிருந்தன. "இனிமே எனக்கு எஃப் பிடிக்க வராது. சும்மா கிடந்தா பலகை ஊமையாயிடும். கொண்டுபோ." அம்மா காப்பி போட்டார். அரை டம்ளர் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

நான் குடியேறிய அடித்தள அறையில் அந்த ஜனவரி இரவு 'டப்' என்று ஒரு சத்தம். யாரோ விரலை நெட்டி முறித்த மாதிரி. விளக்கைப் போட்டுப் பார்த்தேன், ஒன்றுமில்லை. காலையில் பெட்டியைத் திறந்தால் பிரிட்ஜிலிருந்து அடிவிளிம்பு வரைக்கும் ஒரு நேர்கோடு. இருபது வருஷத்துக்கு மேல் பினாங்கின் ஈரத்தைக் குடித்து ஊறியிருந்த மரம். இங்கே ஹீட்டர் போட்ட அறையில் காற்று அப்பளம் மாதிரி காய்ந்திருக்கும். ஈரம் போனால் பலகை சுருங்கும். சுருங்க இடமில்லாமல் சுற்றிலும் ஒட்டியிருந்தால் பிளக்கும். ஒட்டுப்பலகையாக இருந்தால் பிழைத்திருக்கும். என் பழைய வேலி கிட்டார் இன்றைக்கும் தங்கச்சி வீட்டில், ஒரு கீறல் இல்லாமல், சிலந்திக் கூட்டோடு இருக்கிறது.

பழுது பார்க்கிறவர் கேட்ட கூலி அன்று என் ஒரு மாத வாடகை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தேன். அப்புறம்தான் ஒன்றைக் கவனித்தேன். மே கடைசியில் காற்றில் ஈரம் ஏற ஏற அந்த வெடிப்பு தானாக மூடிக்கொண்டது. ஜூனில் விரலால் தடவினால் கூடத் தெரியாது. டிசம்பரில் மெல்லத் திறக்கும், ஜனவரியில் வாய் பிளக்கும்.

சாருக்கு ஆசிரியர் தின வாழ்த்துக் கடிதம் எழுதுவேன். என் சோம்பேறித்தனத்தில் அது எப்போதும் ஜூனில்தான் போகும். அவர் பதிலின் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: "கிட்டார் எப்படி இருக்கிறது?" அடுத்த ஜூனில் எழுதுவேன்: "நன்றாக இருக்கிறது சார்." எழுதும்போது எழுந்து போய் ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொள்வேன்.

ஒரு வருஷம், இங்கே ஆம்ப்பின் முனகல் சுருதி மாறிக் கேட்கிறது என்று எழுதினேன். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், இங்கே 60. சாரின் பதில் நீலக் காகிதத்தில் வந்தது: "60-ஐ 50-ஆல் வகுத்தால் 1.2. மூன்று ஃப்ரெட்டுக்கு 1.189. ஆக, உன் ஊர் நம் ஊரைவிட மூன்று ஃப்ரெட் மேலே, இன்னும் ஒரு இழை கூடுதல். எப்படிச் சேர்ப்பாய்?" கீழே அதே கடைசி வரி.

இந்த மலரைப் படிக்கிற என் வயசுக்காரர்கள் சிரிக்க மாட்டீர்கள் என்று நினைத்துச் சொல்கிறேன்: இப்போது என்னிடம் ஏழு கிட்டார். நாலு மின்சாரம், மூன்று மரம். மனைவி ஐந்து என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொன்றையும் வாங்கும்போது இதுதான் கடைசி என்றேன். ஒன்றையும் விற்க மனசு வரவில்லை. ஸ்கார்பரோவில் இருக்கும் நம் பேஸ் கிட்டார் வாசித்தவன், வீட்டு முன்பணத்துக்காகத் தன் முதல் பேஸை விற்றவன், இன்றைக்கும் ராத்திரி பழைய பொருள் விளம்பரங்களில் அதே நிறத்தைத் தேடுகிறான். கிடைத்தால் என்ன செய்வாய் என்றேன். "தூக்கிப் பார்ப்பேன்லா, கனம் அதேதானான்னு." சனிக்கிழமை மூன்று பேர் கூடுகிறோம். முக்கால்வாசி நேரம் எந்த ஆம்ப் நல்லது என்ற பேச்சில் போகிறது. மிச்ச நேரம் இடுப்புவலி.

செய்தி வந்தது ஜனவரியில். குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். வெளியே மைனஸ் பதினெட்டு. எடுத்த எடுப்பில் விமானம் பிடித்தாலும் காரியத்துக்குக்கூடப் போய்ச் சேர்ந்திருக்க முடியாது என்று எனக்கு நானே கணக்குச் சொல்லிக்கொண்டேன். அந்தக் கணக்கை சார் பார்த்திருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பார். பதினாறு நாள் இருந்தது.

அன்றைக்கே யாரோ ஒரு பழைய படத்தையும் போட்டார்கள். ஆசிரியர் தினம், மேடை. நான் தலையைக் குனிந்து சாவியைத் திருகிக்கொண்டிருக்கிறேன், பக்கத்தில் சார், காதருகே கை. நாற்பது வருஷமாக அந்த மண்டபம் என் தலைக்குள் சிரித்துக்கொண்டிருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. பெண்கள் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு ஆசிரியர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். முதல் வரிசை ஓரத்தில் ஒருவன் மூக்கைக் குடைகிறான். அது யார் என்று எழுத வேண்டாம் என்று நம் சங்கத் தலைவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். மேடையை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருந்தவர் சார் ஒருவர்தான்.

கீழே இறங்கிப் போய் அந்தப் பெட்டியைத் திறந்தேன். ஈரமானி 24 காட்டியது. வெடிப்பில் ஒரு இருபது சென் காசை வைத்துப் பார்த்தேன், பாதி வரை நுழைந்தது. இசைக்கவையை முழங்காலில் தட்டிப் பலகையில் ஊன்றினேன். பிளந்த பலகையானாலும் அந்த ஒரு சுரத்தை அது நன்றாகத்தான் வாங்கியது. ஐந்தாவது கம்பி கொஞ்சம் இறங்கியிருந்தது. சேர்த்தேன். பிறகு ஆறு, நாலு. மூன்றும் இரண்டும் வழக்கம்போல்தான். பத்து நிமிஷத்துக்கு மேலேயே ஆயிற்று.