அகஸ்டாவின் பன்னிரண்டாம் குழியும் எங்கள் பிரியாணிப் பந்தயமும்

ஏப்ரல் மாதம் பிறந்து, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து அகஸ்டா நகரில் மாஸ்டர்ஸ் போட்டி நெருங்கிவிட்டால், கோல்ஃப் மட்டையை ஒருமுறைகூடக் கையில் பிடித்திராத நான், உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களின் குறைகளைப் புட்டுப்புட்டு வைக்கும் வல்லுநராகிவிடுகிறேன். அலுவலகத்தில் நாங்கள் நால்வர் ஆளுக்கோர் ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுப்போம்; யாருடைய ஆட்டக்காரர் மற்றவர்களுக்குப் பின்தங்குகிறாரோ, அவர் ஏனைய மூவருக்கும் மட்டன் பிரியாணி வாங்கித் தர வேண்டும். பணம் கைமாறாது. கடந்த ஆறு போட்டிகளில் ஐந்து முறை வாங்கித் தந்தவன் நான்தான் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, கீழ்க்காணும் ஆலோசனைகளை வாசகர்கள் படிப்பது நல்லது.

கிரிக்கெட்டில் இரண்டே அணிகள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் பாதி வாய்ப்பு உண்டு. மாஸ்டர்ஸில் ஏறத்தாழத் தொண்ணூறு பேர் களமிறங்குகிறார்கள். பந்தய நிறுவனம் ஒருவருக்கு 1-க்கு 4 (ஒரு டாலர் கட்டி வென்றால் லாபம் நான்கு டாலர்) என்ற விகிதம் தருகிறது என்றால், ஐந்தில் ஒரு முறைதான் அவர் வெல்வார் என்று அது கணக்கிடுகிறது. அதாவது, ஊரே கொண்டாடும் அந்த முதன்மை ஆட்டக்காரர் ஐந்தில் நான்கு முறை தோற்பார் என்பதை நிறுவனமே ஒப்புக்கொள்கிறது. இப்படி ஒவ்வொருவருக்கும் உள்ள வாய்ப்பைக் கணக்கிட்டு மொத்தத்தையும் கூட்டிப் பார்த்தால், 100 விழுக்காட்டில் நிற்க வேண்டிய தொகை அதைத் தாண்டி ஓடும். தாண்டிய அந்தப் பகுதிதான் கடைக்காரரின் லாபம். வெல்பவர் யாராக இருந்தாலும் அது கல்லாவில் விழுந்துவிடும்.

விவரம் தெரிந்தவர்கள் இதற்கு மாற்றாக ‘ஈச்-வே’ என்ற முறையைப் பரிந்துரைப்பார்கள். பாதிப் பணம் வெற்றிக்கு, பாதிப் பணம் முதல் ஐந்து இடங்களுக்குள் வருவதற்கு. இடத்துக்கு மட்டும் விகிதத்தில் ஐந்தில் ஒரு பங்கு. 1-க்கு 40 விகிதமுள்ள ஒருவர்மீது 100, 100 என 200 டாலர் கட்டி, அவர் தனியாக ஐந்தாவதாக வந்தால், 900 டாலர் திரும்பி வரும். கேட்க இனிக்கிறது. ஆனால் கோல்ஃபில் ஐந்தாம் இடத்தில் எவரும் தனியாக நிற்பது அரிது. நான்கு பேர் அந்த இடத்தைப் பகிர்ந்துகொண்டால், இடத்துக்குக் கட்டிய 100 டாலரும் நான்காக வெட்டப்பட்டு, 25 டாலருக்கு மட்டுமே விகிதம் கிடைக்கும். கைக்கு வருவது 225. நான்கு நாள்கள் தூக்கம் கெட்டு, 72 குழிகளைப் பார்த்து முடித்ததற்கு ஊதியம் 25 டாலர்!

கணக்கு கைவிட்ட பிறகு மனிதன் சகுனத்துக்குப் போவது இயற்கை. கோல்ஃப் பந்தய உலகமும் ஒரு பெரிய கிளி ஜோசியக் கூடாரம்தான். போட்டிக்கு முந்தைய புதன்கிழமையன்று மூன்று அடிகளில் முடிக்க வேண்டிய குட்டைக் குழிகளில் விளையாட்டாக நடைபெறும் பார்-3 போட்டி 1960-இல் தொடங்கியது. அதில் வென்ற எவரும் 2025 வரை, அதே ஆண்டில் மாஸ்டர்ஸ் வெற்றியாளருக்குரிய பச்சை நிறக் கோட்டு அணிந்ததில்லை. முதல்முறை அகஸ்டாவுக்கு வருபவரை நம்பாதே என்பது இன்னொரு விதி. 1979-இல் ஃபஸ்ஸி ஜோலர் வென்றதற்குப் பிறகு, 2025 வரை அதை மீறியவர் எவருமில்லை. இவ்விரண்டையும் நான் மதிக்கிறேன். புதிதாகத் தந்தையானவர்மீது பணம் கட்டு என்ற விதியைக் கேட்டு முதலில் சிரித்தேன். ஆனால் 2016-இல், போட்டிக்குச் சில நாள்களுக்கு முன்பு தந்தையான டேனி வில்லெட் வென்று என் சிரிப்பை நிறுத்தினார். காயமடைந்தவரைக் குறைத்து மதிப்பிடாதே என்பதற்கு 2008 அமெரிக்க ஓபன் கோல்ஃப் போட்டி சான்று: இடக்காலில் எலும்பு முறிவோடும் கிழிந்த தசைநாரோடும் நொண்டியபடி, டைகர் வுட்ஸ் 91 குழிகள் ஆடிப் பட்டம் வென்றார். எனக்கு மாடிப்படி ஏறினாலே முட்டி வலிக்கும் என்பதால், இந்தச் செய்தியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதில்லை.

எனினும் எல்லாச் சகுனங்களையும்விட நம்பத்தக்கது பன்னிரண்டாம் குழிதான். அதன் நீளம் வெறும் 155 யார்டு. மூன்றே அடிகளில் பந்தைக் குழியில் போட வேண்டும் என்பது கணக்கு; கோல்ஃபில் மட்டையால் அடிக்கும் அடிகள் எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு நல்லது. முன்னால் ரேஸ் கிரீக் என்ற ஓடை, அதையடுத்துச் சரிவான கரை, அதன்மேல், குழியும் கொடியும் இருக்கும் ‘கிரீன்’ என்ற குறுகலான புல்தரை. மரங்களுக்கிடையே காற்று எந்தத் திசையில் சுழல்கிறது என்று கணிக்க, உலகின் முதல்நிலை வீரரும் அவருடைய பையைச் சுமக்கும் கேடியும் (நம் ஊரில் இந்தச் சொல்லுக்கு உள்ள பொருளை ஒரு நொடி மறந்துவிடுங்கள்) மாமரத்தில் காய் பறிக்க வந்த சிறுவர்களைப் போல அண்ணாந்து நிற்பார்கள். 1980-இல் டாம் வைஸ்காஃப் அங்கே ஐந்து பந்துகளை ஓடைக்குக் காணிக்கையாக்கி 13 அடிகள் எடுத்தார். 1992-இல் ஃபிரெட் கப்புள்ஸ் அடித்த பந்து கரையில் உருண்டு, தண்ணீருக்குள் விழாமல் புல்லில் எப்படியோ ஒட்டிக்கொண்டது. அந்த ஆண்டின் பட்டம் அவருக்கே. 2016-இல் ஐந்து அடிகள் முன்னிலையுடன் கடைசி ஒன்பது குழிகளைத் தொடங்கிய ஜோர்டன் ஸ்பீத், இங்கே இரண்டு பந்துகளை மூழ்கடித்து 7 எடுத்ததால்தான் வில்லெட்டுக்கு வழி பிறந்தது. 2019-இல் முன்னணியில் இருந்த மொலினாரி, கெப்கா, பௌல்டர், ஃபினாவ் ஆகிய நால்வரும் பந்தை நனைத்தார்கள். கொடியைப் பார்க்காமல் கிரீனின் நடுப்பக்கமாக அடித்த வுட்ஸ் கோப்பையை வென்றார். அந்த ஞானியே மறு ஆண்டு கடைசி நாளில் அதே குழியில் 10 எடுத்தார் என்பது வேறு கதை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை, முன்னிலையில் இருப்பவர் பன்னிரண்டைக் கடக்கும்வரை, அவருடைய வெற்றியின் பெயரில் யாரும் இனிப்பு வாங்க வேண்டாம் என்பதே என் முதல் ஆலோசனை.

கடந்த பிறகும் அவசரப்பட வேண்டாம் என்பது இரண்டாவது. 2025-இல் ரோரி மெக்கில்ராய் பன்னிரண்டைப் பத்திரமாகத் தாண்டினார். பதின்மூன்றில், கைக்கெட்டும் தூரத்திலிருந்து மெல்ல அடிக்க வேண்டிய பந்தை ஓடைக்குள் போட்டு ‘இரட்டைப் போகி’ (கணக்கைவிட இரண்டு அடிகள் கூடுதல்) வாங்கினார். பழையன கழிதலும் புதியன புகுதலும் நம் போகிக்கு. இந்தப் போகியில் எரிவது பந்தயச் சீட்டு. பதினெட்டாம் குழியில் அருகிலிருந்து தட்டினால் பட்டம் என்ற நிலையிலும் தவறவிட்டு, கூடுதல் குழியில்தான் ஜஸ்டின் ரோஸை வென்றார். பதினான்கு ஆண்டுகளுக்கு முன், 2011-இல், நான்கு அடிகள் முன்னிலையோடு கடைசி நாளைத் தொடங்கி 80 அடித்துச் சரிந்தவரும் இதே மெக்கில்ராய்தான். 1996-இல் கிரெக் நார்மன் ஆறு அடிகள் முன்னிலையுடன் வந்து, நிக் ஃபால்டோவிடம் ஐந்து அடிகளில் தோற்றதைப் பார்க்கும்போது, அந்த நாளின் நடுவில் ‘இனி உறுதி’ என்று பணம் கட்டியவர்களுக்காக நான் இன்றும் வருந்துகிறேன்.

இதையெல்லாம் பொருட்படுத்தாதவர்களும் உண்டு. 2019-இல் ஓர் அமெரிக்கர் வுட்ஸ் மீது 1-க்கு 14 விகிதத்தில் 85,000 டாலர் கட்டி, முதல் போக 11,90,000 டாலர் வென்றார். அவரை உதாரணம் காட்டிப் பந்தயம் கட்டத் தூண்டும் கட்டுரைகள், அன்று வேறு பெயர்களின்மீது கட்டி இழந்தவர்களைப் பற்றி மூச்சுவிடுவதில்லை.

எங்கள் நால்வர் குழுவில், முதல் நாள் ஆட்டத்துக்குப் பிறகு ஒருமுறை ஆட்டக்காரரை மாற்றிக்கொள்ளலாம் என்ற சலுகை உண்டு. 2025-இல் நான் முதலில் தேர்ந்தெடுத்தது மெக்கில்ராயைத்தான். வியாழக்கிழமை பதினைந்திலும் பதினேழிலும் அவர் இரட்டைப் போகி வாங்கியதைக் கண்டு, மேலே எழுதியிருக்கும் அத்தனை ஞானத்தையும் பயன்படுத்தி, இரவோடு இரவாக அவரைக் கைவிட்டு வேறொருவருக்கு மாறினேன். நான் நம்பிய அந்தப் பெருமகன் வெள்ளிக்கிழமை மாலையே, இரண்டு நாள் ஆட்டத்துக்குப் பின் பின்தங்கியவர்களை வெளியேற்றும் தகுதிக்கோட்டைத் தாண்டாமல் மூட்டை கட்டினார். திங்கட்கிழமை மூன்று மட்டன் பிரியாணி. ஒருவர் கூடுதலாகச் சுக்கா வேறு கேட்டார்.