படிச்சான் எண்டு தேடினா கிடைக்காது

ஞாயித்துக்கிழமை வெள்ளவத்தையில அக்கா வீட்ட போயிருந்தன், மருமகள் தமிழ் ஹோம்வேர்க்கோட இருந்தாள், தடிச்ச அகராதி ஒண்டை விரிச்சு வச்சு "படிச்சான்" எண்ட சொல்லைத் தேடித் தேடிக் களைச்சுப்போய் "மாமா, இவ்வளவு பெரிய புத்தகத்தில இது இல்லையே" எண்டாள். அதை விளங்கப்படுத்தவே ரெண்டு மணித்தியாலம் போயிட்டுது.

நாங்கள் கதைக்கிற உருவம் எல்லாத்தையும் அகராதியில போட ஏலாது, ஒரு வினைக்கு ஒரு தலைச்சொல் (பதிவு தொடங்கிற சொல்) தான், மிச்சத்தை அதில இருந்து நாங்கள் கட்டி எடுக்கோணும், அதுக்கு வழி அந்தப் பதிவுக்குள்ளயே இருக்கோணும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில (1924-1936, ஆறு தொகுதி) படி-தல் ஒரு பதிவு, படி-த்தல் வேற பதிவு. ஒரு "த்" தான் வித்தியாசம், ஆனா தூசி படிஞ்சதையும் பிள்ளை படிச்சதையும் அது பிரிச்சுக் காட்டிடும். ஏறுற படியும் அரிசி அளக்கிற படியும் பெயர்ச்சொல், அதுகள் தனி. எங்கட யாழ்ப்பாணத்து உடுவில்ல மிஷனரியா இருந்த வின்சுலோவின்ட அகராதி (1862) வேற மாதிரி, கிறேன், தேன், வேன் எண்டு "நான்" ஓட வாற முடிவுகளை தலைச்சொல்லுக்குப் பக்கத்திலயே குடுத்திருக்கும். எனக்கு அது தான் கூடப் பிடிக்கும், இலக்கணம் தெரியாதவையும் வாயால சொல்லிப் பாக்கலாம்.

சொல்லின்ட பிறப்பையும் போடுவினம். கதிரை (நாற்காலி) போர்த்துக்கேயர் விட்டிட்டுப் போனது, கந்தோர் (அலுவலகம்) ஒல்லாந்தர்ட.

ஆனா உதாரண வசனம் இல்லாத பதிவு எனக்கு அரைவாசி தான். தமிழ்நாட்டில இருந்து எங்கட ஒஃபிஸுக்கு வந்த தம்பி ஒருத்தரிட்ட, கூட வேலை செய்யிற பிள்ளை கண் கலங்கி "பொஸ் எனக்கு பேசிப்போட்டார்" எண்டு சொல்ல, அவர் சந்தோஷமா "அப்படியா, என்ன பேசினார்?" எண்டு கேட்டிட்டார். எங்களுக்கு "என்னோட கதைச்சார்" வேற, "எனக்கு பேசினார்" வேற, ஏச்சு. வெறும் பொருளை மட்டும் எழுதினா இந்த "எனக்கு" எங்க தெரியப்போகுது?

க்ரியா பதிப்பகத்தின்ட தற்காலத் தமிழ் அகராதியில சில பொருளுக்கு "இலங்.", அதாவது இலங்கை வழக்கு, எண்டு குறிப்புப் போட்டிருப்பினம். அதை முதல்ல கண்ட அண்டைக்கு, எங்கட வீட்டுச் சொல் கொச்சை இல்லை, அதுக்கும் அச்சில ஒரு இடம் இருக்கு எண்டு எவ்வளவு நேரம் பக்கம் பக்கமா புரட்டிக்கொண்டு இருந்தன் தெரியுமா.

நான் வெளிக்கிடுற நேரம் மருமகள் கொப்பியின்ட கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். "பேசு. வினை. (இலங்.) ஏசு. உதாரணம்: ஹோம்வேர்க் முடிக்கேல்ல எண்டு அம்மா எனக்கு பேசினவ."