டென்மார்க்கிலிருந்து கிளம்பிய கணக்கு மென்பொருள்

டென்மார்க் மென்பொருள் நிறுவனங்களின் கதை நம் பக்கம் அதிகம் பேசப்படுவதில்லை என்பதில் எனக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு. நேவிஷன் என்ற கணக்கு மென்பொருளையும் அதைச் செய்த நிறுவனத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1984ல் பொறியியல் படித்த மூன்று நண்பர்கள் சேர்ந்து, சிறிய கம்பெனிகள் சாதாரண பிசியிலேயே கணக்கு எழுத ஒரு மென்பொருள் செய்தார்கள், 1987ல் வந்த அடுத்த மென்பொருளில் பல பேர் ஒரே நேரத்தில் வேலை செய்ய முடிந்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தது அதன் உள்ளமைப்பு. திரையில் ஒரு மொத்தத் தொகை தெரிகிறதா, அதைத் தொட்டால் அது எந்தெந்தப் பதிவுகளால் ஆனது என்று ஒவ்வொன்றாக விரியும், அதனால் முதலாளி அறிக்கைக்காக மாதக் கடைசி வரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்று பிசினஸ் இன்டெலிஜென்ஸ், அதாவது தொழில் தரவை அலசி முடிவெடுக்க உதவும் மென்பொருள், என்று விற்கப்படுவதில் பாதி இதுதான் என்பேன்.

சரி, வளர்ந்தது எப்படி? உள்நாட்டுச் சந்தை ரொம்பச் சின்னது, வெளியே போயே ஆக வேண்டும். ஒவ்வொரு நாட்டிலும் உள்ளூர் கூட்டாளி நிறுவனங்கள் அதை விற்று, அந்த ஊர் வரிக்கும் வழக்கத்துக்கும் ஏற்ப மாற்றிக் கொடுத்தன, இதைத்தான் நான் புத்திசாலித்தனம் என்பேன். 2000ல் போட்டியாளரான டாம்கோர்டோடு இணைந்தார்கள், 2002ல் சுமார் 130 கோடி டாலருக்கு மைக்ரோசாஃப்ட் வாங்கியது.

அப்புறம், அந்த வம்சாவளியில் வந்ததுதான் மைக்ரோசாஃப்ட் இன்று விற்கும் பிசினஸ் சென்ட்ரல் என்ற நிறுவன நிர்வாக மென்பொருள்.