ஆச்சியின் பாம்படத்தைக் கோடாக்கிய கதை

ஆச்சிக்கு இந்தத் தை மாதம் எண்பது வயது நிறைந்தது. வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுக்கிற துணிப்பையில் ஊர் பேரும் தேதியும் போடுவதற்குப் பதிலாக ஆச்சியின் முகத்தையே கோட்டுப்படமாக அச்சடித்தால் என்ன என்று அக்கா கேட்டாள். கேட்டதோடு அவள் வேலை முடிந்தது, மூன்று ராத்திரி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தது நான்தான். ஆனால் அந்த மூன்று ராத்திரியில் கற்றுக்கொண்டதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது, ஏனென்றால் இதைப் பற்றித் தேடினால் கிடைக்கிற வழிமுறைகளில் பெரும்பாலானவை எந்த பட்டனை அமுக்குவது என்று மட்டும் சொல்கின்றன, ஏன் என்று சொல்வதில்லை.

முதலில் ஸ்கிரீன் பிரிண்டிங் அண்ணனிடம் போனேன். போனில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, துணியில மை போகும், இல்ல போகாது, அவ்வளவுதான். கிரே கொண்டு வராதீங்க, கறுப்பும் வெள்ளையுமா மட்டும் கொண்டு வாங்க" என்றார். புள்ளிகளாக உடைத்துச் சாம்பல் நிறத்தைக் காட்ட முடியும்தான், ஆனால் முரட்டுக் காடாத் துணியில் அந்தப் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்றார். சரி, கோடு மட்டும்.

நான் பயன்படுத்தியது ஜிம்ப். 1996இலிருந்து இலவசமாகக் கிடைக்கிற, படங்களைத் திருத்துகிற மென்பொருள், இந்த வேலைக்கு இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. ஃபில்டர்ஸ் மெனுவில் எட்ஜ் டிடெக்ட், அதாவது விளிம்பு கண்டுபிடிப்பது, என்று ஒரு பகுதியே இருக்கிறது, அதில் ஸோபல் என்று ஒன்று. 1968இல் ஸ்டான்ஃபோர்டில் இர்வின் ஸோபலும் கேரி ஃபெல்ட்மேனும் உருவாக்கிய முறை. எல்லோரும் போல நானும் அதைத்தான் முதலில் போட்டேன், ஆச்சியின் புருவம் இரண்டு இரண்டாக வந்தது. காரணம் எளிது. வெளிச்சம் எங்கே சட்டென்று மாறுகிறதோ அங்கேதான் ஸோபல் கோடு போடும். புருவத்துக்கு மேலே தோலிலிருந்து கறுப்புக்கு ஒரு மாற்றம், கீழே கறுப்பிலிருந்து தோலுக்கு இன்னொரு மாற்றம், ஆக இரண்டு கோடு. இமை, உதட்டுக்கு நடுவிலுள்ள கோடு, கழுத்து மடிப்பு எல்லாவற்றுக்கும் அதே கதி. கட்டடத்துக்கு இது நன்றாக இருக்கும், முகத்துக்கு ஆகாது.

முகத்துக்கு ஏற்றது பழைய டாட்ஜ் முறை. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, லேயரை (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற தாள் மாதிரி) நகல் எடுத்து, மேலே இருப்பதை இன்வெர்ட் செய்து, அதாவது கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றி, காஸியன் பிளர் போட்டு மங்கலாக்கி, இரண்டு லேயரும் கலக்கிற விதமான லேயர் மோடை டாட்ஜ் என்று மாற்ற வேண்டும். அந்த நொடியில் திரை வெளுத்து அதில் பென்சில் ஓவியம் போல முகம் எழுந்து வரும், எத்தனை தடவை செய்தாலும் எனக்கு அது அதிசயம்தான். உள்ளே நடப்பது வெறும் வகுத்தல். கீழே இருக்கிற புள்ளியின் மதிப்பை (கறுப்பு 0, வெள்ளை 255), அதைச் சுற்றியுள்ள இடத்தின் சராசரியால் வகுக்கிறது. சுவரில் ஒரு புள்ளி 180, சுற்றியும் 180 என்றால் விடை ஒன்று, அதாவது முழு வெள்ளை. இமையில் ஒரு புள்ளி 60, சுற்றுப்புறச் சராசரி 120 என்றால் விடை பாதி, நல்ல சாம்பல். சுற்றுப்புறத்தைவிட வெளிச்சமான புள்ளி என்றால் ஒன்றுக்கு மேல் போய் வெள்ளையிலேயே நின்றுவிடும். அதனால் தன் அக்கம்பக்கத்தைவிட இருட்டாக இருப்பது மட்டும்தான் கோடாகும், இமைக்கு ஒரே கோடுதான் விழும்.

இது புரிந்துவிட்டால் பிளர் அளவுக்கு என்ன எண் போடுவது என்று யாரையும் கேட்க வேண்டாம். அந்த எண்தான் "அக்கம்பக்கம்" எவ்வளவு தூரம் என்பதைச் சொல்கிறது. 3 போட்டால் ஊசி மாதிரி மெல்லிய கோடு, 25 போட்டால் கன்னத்தின் நிழல்கூட வந்து கரிக்கட்டையில் வரைந்தது போல இருக்கும். 2400 பிக்சல் அகலமுள்ள என் படத்துக்கு 12 சரியாக இருந்தது.

ஆனால் சுருக்கம்! எண்பது வயது முகம், வாசலில் வெயிலில் உட்கார வைத்து எடுத்த படம். ஒவ்வொரு சுருக்கமும் கோடாகி, முகம் வெடித்த வயல் மாதிரி ஆகிவிட்டது. டாட்ஜுக்கு முன்னால் செலக்டிவ் காஸியன் பிளர் போட்டேன். அது கூர்மையான விளிம்புகளை விட்டுவிட்டு நடுவில் இருப்பதை மட்டும் மழுப்பும். மழுப்பியதும் சுருக்கம் எல்லாம் போனது, கூடவே ஆச்சியும் போய்விட்டாள். நாற்பது வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள், சித்தியின் சாயலில். அம்மாவிடம் காட்டினேன், "இது யாரு?" என்றாள்.

அங்கேதான் மோனோ மிக்ஸர் கைகொடுத்தது. கலர்ஸ் மெனுவில் காம்போனென்ட்ஸுக்குள் இருக்கிறது. கறுப்பு வெள்ளையாக்கும்போது சிவப்பு, பச்சை, நீலம் எதிலிருந்து எவ்வளவு எடுப்பது என்று நாமே சொல்லலாம். நம் தோல் நிறத்துக்குச் சிவப்பை மட்டும் எடுத்தால் தோல் வெளுத்து மென்மையாகிவிடும், ஆழமான மடிப்புகள் மட்டும் நிற்கும். நெற்றியில் மூன்று கோடு, வாயின் இரண்டு பக்கமும் வளைந்து இறங்குகிற இரண்டு, கண்ணோரத்தில் கொஞ்சம். அவ்வளவு போதும், அதுதான் ஆச்சி. மழுப்பலை மிகக் குறைவாக வைத்து மறுபடி டாட்ஜ் போட்டதும் முகம் வந்துவிட்டது.

முகம் வந்தது, காது போய்விட்டது. ஆச்சி இன்னும் பாம்படம் போடுகிறவள், எங்கள் தெருவில் அதைப் போட்டிருக்கும் கடைசி ஆள். தோளைத் தொடுகிற அளவுக்கு இழுபட்ட காதும், அதில் தொங்குகிற தட்டும் உருண்டையுமான கனத்த பொன்னும் இல்லாமல் அந்தப் படத்துக்கு அர்த்தமே இல்லை. சிவப்பில் தங்கமும் தோலும் இரண்டுமே வெளுப்பு, அதனால் நடுவில் கோடு விழ வழியில்லை. பச்சையில் பார்த்தால் தங்கம் தோலைவிட நன்றாக வெளுப்பாக இருந்தது. ஆகவே பச்சையிலிருந்து இன்னொரு கோட்டுப்படம் தனியாகச் செய்து, மேல் லேயராக வைத்து, கறுப்பு மாஸ்க் போட்டு (மாஸ்கில் கறுப்பு அந்த லேயரை மறைக்கும், வெள்ளை காட்டும்), காதுப் பக்கம் மட்டும் வெள்ளைப் பிரஷால் தடவினேன். தடவத் தடவ பாம்படம் ஒவ்வொரு முகப்பாகத் தெளிந்து வந்தது. மூன்று ராத்திரியில் எனக்குப் பிடித்த பத்து நிமிடம் அதுதான்.

அப்புறம் அண்ணன் கேட்ட கறுப்பு. லேயர் மெனுவில் நியூ ஃப்ரம் விசிபிள் கொடுத்தால் தெரிகிற எல்லாம் ஒரே லேயராகும். வெளிச்ச அளவைச் சரிசெய்கிற லெவல்ஸில் கறுப்பு முனையை உள்ளே தள்ளி, பிறகு த்ரெஷோல்ட், அதாவது ஓர் அளவுக்குக் கீழே உள்ளதையெல்லாம் கறுப்பாகவும் மற்றதை வெள்ளையாகவும் ஆக்குவது. இங்கே அளவு முக்கியம். பையில் படம் 8 அங்குலம், அங்குலத்துக்கு 300 புள்ளி, அதனால்தான் 2400 பிக்சல். ஒரு பிக்சல் கோடு துணியில் 0.085 மில்லிமீட்டர்தான் வரும், முதல் துவைப்புக்கே நிற்காது. கோட்டைத் தடிமனாக்க ஒரு வழி இருக்கிறது. த்ரெஷோல்ட் செய்த படத்துக்கே 2 அல்லது 3 பிக்சல் காஸியன் பிளர் கொடுத்து, மறுபடி த்ரெஷோல்டைத் திறந்து நகர்த்தியை வலது பக்கம் தள்ள வேண்டும். கறுப்பு பெருக்கும், படிக்கட்டு போன்ற ஓரங்களும் வழவழப்பாகும். ஏறக்குறைய 6 பிக்சல், அதாவது அரை மில்லிமீட்டர் வரும்வரை தள்ளினேன். மிஞ்சியிருந்த தூசிப் புள்ளிகளை அழிப்பானால் ஒவ்வொன்றாக எடுத்தேன். அதைக் கையால்தான் செய்ய வேண்டும், எது தூசி எது மூக்குத்தி என்று மென்பொருளுக்குத் தெரியாது. பிஎன்ஜி கோப்பாகச் சேமிக்க வேண்டும், ஜேபெக் வேண்டாம். ஜேபெக் கோட்டைச் சுற்றி மங்கலான சாம்பலைச் சேர்த்துவிடும், பிறகு அண்ணனிடம் திட்டு வாங்க நேரும்.

பைகள் வந்த அன்று ஒன்றை ஆச்சியிடம் கொடுத்தோம். மடியில் விரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முகத்தை அவ்வளவாகப் பார்க்கவில்லை. விரலால் காதுக் கோட்டை மேலிருந்து கீழே மெதுவாகத் தடவிக்கொண்டே போய், "தட்டு ரெண்டும் சரியா விழுந்திருக்குல்லா" என்றாள்.