ஒன்றரை சென்டிமீட்டர்

நவம்பர் 16, 2025, ஞாயிறு

முதல் கீமோவுக்கு அப்புறம் தலையணையில் கொட்டுவதற்கு இனி முடி ஒன்றும் மிச்சமில்லை. சலூன்காரத் தம்பி வீட்டுக்கே வந்து மெஷின் போட்டுவிட்டுப் போனான். காசு வாங்க மாட்டேன் என்றான். சட்டைப் பையில் திணித்து அனுப்பினேன்.

ஐந்து வயதில் வேளாங்கண்ணியில் இறக்கிய மொட்டைக்கு அப்புறம் இதுதான். அன்றைக்குச் சந்தனம் பூசினார்கள், குளுகுளுவென்று இருந்தது ஞாபகம். இன்றைக்கு மனைவி எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். வேண்டாம் என்றேன். விரல் பட்டாலே எரிகிறது.

ராத்திரி பின்கழுத்தில் குளிர் ஏறியது. டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து நைனாவின் தொப்பியை எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 17, திங்கள்

தொப்பி காதுவரை இறங்கிவிட்டது.

போன கிறிஸ்துமஸுக்குக் கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்தபோது கச்சிதமாக நின்றது. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவளுடைய தையல் டேப்பை எடுத்து அளந்தேன். புருவத்துக்கு மேலே நெற்றியின் நடு, காதுகளுக்குக் கொஞ்சம் மேலே, பின்மண்டையில் எங்கே புடைப்பு இருக்கிறதோ அதன்மேல் சுற்றி வர வேண்டும். இழுக்கக் கூடாது, தொளதொளவென்றும் விடக் கூடாது. மூன்று தடவை அளந்தேன். 56.5 செ.மீ.

உள்ளே தோல்பட்டையில் 7⅛ என்று பொன்னெழுத்து பாதி அழிந்து கிடக்கிறது. இங்கிலாந்துத் தொப்பி. அந்தக் கணக்கில் அது 58 செ.மீ. (அமெரிக்கத் தொப்பியாக இருந்தால் அதே 58-க்கு 7¼ போட்டிருப்பார்கள். வெளியே வாங்கப் போனால் இதை மறக்கக் கூடாது.)

ஆக, என் முடி ஒன்றரை சென்டிமீட்டர் இருந்திருக்கிறது. 61 வருடம் அதை நான் அளந்ததே இல்லை.

நவம்பர் 19, புதன்

மச்சான் விக் கொண்டு வந்தார். அன்பாகத்தான் கொண்டு வந்தார். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 20, வியாழன்

இரண்டாவது கீமோ. சிவப்பு ஊசி ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டேன்.

நவம்பர் 23, விடியற்காலை 3 மணி

வெள்ளை மாத்திரை சாப்பிடும் ஐந்து நாளும் தூக்கம் கிடையாது. போன தடவையும் இப்படித்தான். எல்லோரும் தூங்குகிறார்கள். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

சாம்பல் நிறம். முயல் ரோமத்தை அமுக்கி அமுக்கிச் செய்த ஃபெல்ட், நெய்த துணி அல்ல. விரல் நுனிகள் மரத்துப்போயிருப்பதால் கையால் தடவினால் ஒன்றும் தெரியவில்லை. கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், பூனைக்குட்டி மாதிரி இருக்கிறது. உட்பட்டையின் பின்பக்கம் சின்னதாக ஒரு முடிச்சு. அந்த முடிச்சு எங்கே இருக்கிறதோ அதுதான் தொப்பியின் பின்புறம் என்று நைனா காட்டிக்கொடுத்தார்.

1956-இல் கோலார் தங்கச் சுரங்கங்களை மைசூர் அரசு எடுத்துக்கொண்டபோது, ஊர் திரும்பிய ஒரு துரை நைனாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. நைனா அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் டைம் ஆபீஸ் கிளார்க். வருடத்தில் ஒரே ஒரு ராத்திரிதான் அதைப் போடுவார், கிறிஸ்துமஸ் நடுச்சாமப் பூசைக்கு. வீட்டு வாசலிலிருந்து கோயில் வாசல்வரைக்கும் தலையில். உள்ளே நுழைந்ததும் கையில். பூசை முடியும்வரை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டு நிற்பார். நான் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பேன். தலையில் இருந்ததைவிடக் கையில் இருந்த தொப்பிதான் எனக்கு அதிகம் ஞாபகம்.

இங்கேதான் எனக்குச் சிக்கல். டிசம்பர் 29-ஆம் தேதி மகள் பாப்பாவுக்குக் கல்யாணம். கோயில் வாசலில் நானும் கழற்றத்தான் வேண்டும். கழற்றினால் உள்ளே இருக்கும் அத்தனை பேரும் எதைப் பார்ப்பார்கள்? பாதிப் பேருக்கு இன்னும் விஷயமே தெரியாது. பாப்பா புடவை எடுக்க மூன்று மாதம் அலைந்தாள். நடைபாதையில் அவள் வரும்போது எல்லாக் கண்ணும் அவள்மேல் இருக்க வேண்டும். ஒரு கண்கூட என் தலைக்கு வரக் கூடாது.

மணி நாலேகால்.

நவம்பர் 25, செவ்வாய்

முகக்கவசம் போட்டுக்கொண்டு பதினோரு மணிக்கே கமர்ஷியல் ஸ்ட்ரீட் போனோம், கூட்டம் சேருமுன். மச்சான் கார் ஓட்டினார். ஐந்து கடை. குரங்குக் குல்லா இருக்கிறது, குழந்தைகளுக்குக் காது வைத்த கம்பளித் தொப்பி இருக்கிறது, கிரிக்கெட் கேப் மலைபோல் இருக்கிறது. சூட்டுக்குப் போடுகிற மாதிரி என்று கேட்டால் பின்னால் எலாஸ்டிக் வைத்த ஓலைத் தொப்பியை எடுத்துப் போடுகிறார்கள். "ஃப்ரீ சைஸ் சார், எல்லாருக்கும் ஆகும்."

எல்லாருக்கும் ஆவது ஒருவருக்கும் சரியாக ஆகாது. முடி இருந்தால் தொப்பியின் குறையை முடி மறைத்துவிடும், இடைவெளியை அதுவே அடைத்துக்கொள்ளும், தையல் குத்தாமல் நடுவில் நிற்கும், வியர்வையையும் பிடித்துக்கொள்ளும். மொட்டைக்கு அந்த உதவி ஒன்றும் கிடையாது. ஐந்தாவது கடையில் போட்டுப் பார்த்த தொப்பியின் தையல் நெற்றியில் பதிந்த கோடு வீட்டுக்கு வந்தும் போகவில்லை. அவள் பயந்துவிட்டாள். இனி கடைக்குப் போகக் கூடாது என்று கட்டளை.

நவம்பர் 30, ஞாயிறு

கோயிலில் பாப்பாவின் கல்யாண அறிவிப்பை, முதல் ஓலையை, வாசித்தார்களாம். நான் வீட்டில். அவள் வந்து சொன்னபோது என் பெயரையும் ஃபாதர் முழுசாகப் படித்தாரா என்று இரண்டு தடவை கேட்டேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

56.5.

டிசம்பர் 3, புதன்

பாப்பா ஆன்லைனில் வரவழைத்த தொப்பி வந்தது. 57 என்று போட்டிருந்தது, கறுப்பு, கம்பளி ஃபெல்ட். சுற்றளவு சரி. ஆனால் நெற்றியிலும் பின்னாலும் இறுக்குகிறது, பக்கவாட்டில் இரண்டு காதுக்கு மேலும் விரல் போகிற அளவு சந்து. என் தலை நீள முட்டை வடிவம், தொப்பி உருண்டை வடிவம். முடி இருந்தவரைக்கும் எனக்கே தெரியாத விஷயம்.

அளவு ஒன்று, வடிவம் வேறு. இரண்டும் சரியாக இருந்தால்தான் தொப்பி தலையில் உட்காரும், இல்லாவிட்டால் தலைமேல் வைத்த பாத்திரம் மாதிரிதான். பாப்பாவிடம் திருப்பி அனுப்பச் சொன்னேன். அவள் முகம் வாடியது. "பரவாயில்லடா, கலர் நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன். அது உண்மை.

டிசம்பர் 8, திங்கள்

அமலோற்பவ மாதா திருநாள். ஃபாதர் வீட்டுக்கு நற்கருணை கொண்டுவந்தார். முடிந்ததும் காபி குடித்துக்கொண்டே சுவரில் மாட்டியிருந்த தொப்பியைப் பார்த்து யாருடையது என்று கேட்டார். அப்படியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பவுல் அடிகள் கொரிந்தியருக்கு எழுதியது எனக்குத் தெரியும், ஆண்கள் ஜெபிக்கும்போது தலையை மூடக் கூடாது என்பது முதல் திருமுகம் 11-ஆம் அதிகாரம், அதனால்தான் கேட்கிறேன் என்றேன்.

ஃபாதர் யோசித்துவிட்டு ஆயரைப் பார்த்திருக்கிறீர்களே என்றார். தலையில் ஊதா நிறத்தில் சின்னக் குல்லா. கர்தினாலுக்குச் சிவப்பு, போப்பாண்டவருக்கு வெள்ளை. அந்தக் குல்லா எப்படி வந்தது என்று அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். பழைய காலத்தில் குருக்கள் உச்சந்தலையை மழித்துக்கொள்வார்கள். குருத்துவத்துக்குள் நுழையும் ஒருவருக்கு முடி கத்தரிப்பது ஒரு சடங்காகவே இருந்தது, 1972-இல் ஆறாம் பவுல்தான் அதை நிறுத்தினார். குளிர்கால ஐரோப்பாவில், கல் கட்டிய கோயிலில், மழித்த தலையோடு நிற்க முடியுமா? அந்தத் தலையைக் குளிரிலிருந்து காப்பாற்றத்தான் குல்லா. பூசையிலும் அது இருக்கும். நற்கருணை மன்றாட்டு தொடங்கும்போது கழற்றுவார்கள், நற்கருணை கொடுத்து முடிந்ததும் போட்டுக்கொள்வார்கள்.

"நீங்க பீடத்துப் படிவரைக்கும் போட்டுக்கிட்டு வாங்க. அங்க கழற்றிக்குங்க. யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க, சொன்னா நான் பேசிக்கிறேன்" என்றார்.

மொட்டைத் தலைக்காகவே பிறந்த ஒரு குல்லா பீடத்துக்கு முன்னாலேயே இருந்திருக்கிறது. இத்தனை வருடம் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறேன். ஃபாதர் போனபிறகு வெகுநேரம் அழுதேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

டிசம்பர் 11, வியாழன்

மூன்றாவது. முடிந்தது.

டிசம்பர் 14, விடியற்காலை 2.40

அனுமதி கிடைத்துவிட்டது, தொப்பி இன்னும் கிடைக்கவில்லை. நைனாவின் தொப்பியை வேண்டுமானால் காகிதம் மடித்து உள்பட்டைக்குள் செருகலாம். நேற்று செய்து பார்த்தேன். பின்னால் செருகினால் முன்னால் கவிழ்கிறது, சுற்றிலும் செருகினால் வெடித்த தோல் இன்னும் வெடிக்கிறது. 70 வருடத்துத் தோல் அப்பளம் மாதிரி இருக்கிறது. என் தோலும் இப்போது கிட்டத்தட்ட அப்படித்தான். இரண்டும் உரசினால் தாங்காது.

நைனாவிடம் இருந்தபோது மழைக்குப் பிறகு கெட்டில் ஆவியில் காட்டி ஓரத்தை நிமிர்த்துவார். பெங்களூரில் ஃபெல்ட் தொப்பியை இன்னும் கையில் தொடுகிறவர்கள் யார்?

போலீஸ்!

இதை ஏன் ஒரு மாதமாக யோசிக்கவில்லை. கர்நாடகக் கான்ஸ்டபிள்கள் ஒரு பக்கம் தூக்கிய ஃபெல்ட் தொப்பியைத்தானே அத்தனை வருடம் போட்டார்கள். அக்டோபர் கடைசியில்தான் அதை மாற்றி நீல நிறக் கேப் கொடுத்தார்கள், பேப்பரில் பார்த்தேன். மாற்றியது இப்போதுதான், சீருடைக் கடைக்காரர்களின் கை அதற்குள் மறந்திருக்காது. விடிந்தால் மச்சானுக்கு போன் செய்ய வேண்டும். இப்போது செய்தால் பயந்துவிடுவார்.

டிசம்பர் 15, திங்கள்

சிவாஜிநகரில் ஒரு சந்துக்குள் கடை. பாய்க்கு எழுபது வயது இருக்கும். தொப்பியை வாங்கினதும் முதலில் மோந்து பார்த்தார், அப்புறம் ஓரத்தை இரண்டு விரலால் மடக்கி விட்டார். அது தானாக நிமிர்ந்தது. "நல்ல ரோமம் சார். உயிரு இருக்கு" என்றார்.

பிறகு முகக்கவசத்துக்கு மேலே என் கண்ணைப் பார்த்து, கம்பளிக் குல்லாவைக் கழற்றச் சொன்னார். கடையில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். கழற்றினேன். டேப்பே எடுக்கவில்லை. கொஞ்சம் தடித்த கம்பி ஒன்றைத் தலையைச் சுற்றி மெதுவாக அழுத்தி வளைத்து, கலைக்காமல் தூக்கி, பழுப்புக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் சுற்றிலும் கோடு போட்டார். அந்தக் கோடு என் தலை. இடதுபக்கம் காதுக்குப் பின்னால் லேசாக உள்வாங்கியிருக்கிறது. வெளியில் வந்த ஒரு தழும்பையும் அவர் கை தவிர்த்துக்கொண்டே போனது. ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டில் சொன்னதும் பாப்பா போனில் தேடிப் பாரிஸ்காரர்கள் 19-ஆம் நூற்றாண்டில் இதற்கே ஒரு கருவி செய்திருக்கிறார்கள் என்று படம் காட்டினாள். தலையில் கவிழ்த்தால் சுற்றியுள்ள கட்டைகள் மண்டை வடிவத்துக்கு ஒதுங்கிக்கொடுக்கும், மேலே சின்ன அட்டையில் அந்த வடிவம் ஊசிக்குத்தாகப் பதியும். பாயிடம் அதுதான் கம்பியாக இருக்கிறது.

பழைய தோலை எடுத்துவிட்டு மெல்லிய ஆட்டுத்தோல் பட்டை வைப்பார். அதன் பின்னால் ஃபெல்ட் பட்டி. எங்கெங்கே சந்தோ அங்கே மட்டும் தடிமனாக. 7⅛ என்ற எழுத்துள்ள துண்டை மட்டும் வெட்டித் தனியாகத் தரச் சொல்லிவிட்டு வந்தேன். கொடுத்துவிட்டு வந்த பிறகு கை வெறுமையாக இருக்கிறது.

டிசம்பர் 18, வியாழன்

வாய்ப்புண். கஞ்சி.

டிசம்பர் 20, சனி

ரத்தத்தில் வெள்ளையணுக்களின் கவுண்ட் குறைந்திருக்கிறது. எதிர்பார்த்ததுதான் என்கிறார்கள், 29-க்குள் ஏறிவிடும் என்கிறார்கள். ஏறாவிட்டால் என்ற கேள்வியை நான்தான் கேட்டேன். யாரும் வீட்டுக்குள் வரக் கூடாது. பாப்பா கதவுக்கு வெளியே நின்று பேசுகிறாள்.

டிசம்பர் 21, ஞாயிறு

பாய் போனை எடுக்கவில்லை.

டிசம்பர் 22, திங்கள்

எடுக்கவில்லை.

டிசம்பர் 23, செவ்வாய்

எடுத்தார். ஊருக்குப் போயிருந்தாராம். தோல் பட்டை தைத்தாகிவிட்டது, ஆவியில் காட்ட வேண்டியது மட்டும் பாக்கி. கோபப்பட்டுப் பேசிவிட்டேன். உடனே திரும்பக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

டிசம்பர் 24, புதன், இரவு

எல்லோரும் பூசைக்குப் போய்விட்டார்கள். நான்தான் போகச் சொன்னேன். கல்கல்லும் அச்சு முறுக்கும் டப்பாவில் மூடி இருக்கின்றன, வாய்தான் ஆறவில்லை. ஜன்னலைத் திறக்காமல் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு நட்சத்திரம் அணைந்து அணைந்து எரிகிறது. மணிச்சத்தம் கேட்டதும் எழுந்து நின்றேன். கை தானாக மார்புக்குப் போனது, பிடிக்கத் தொப்பி இல்லை.

டிசம்பர் 26, வெள்ளி

கவுண்ட் ஏறிவிட்டது!! தொப்பியும் வந்துவிட்டது. இரண்டும் ஒரே மத்தியானத்தில்.

மச்சான் கொண்டுவந்து கொடுத்தார். முன்னாலிருந்து பின்னால் போட்டேன். நெற்றியில் ஆட்டுத்தோல் பட்டது, வெதுவெதுப்பாக, உள்ளங்கை வைத்த மாதிரி. தலையைக் குனிந்தேன், விழவில்லை. இடதும் வலதும் திருப்பினேன், தலையோடு வருகிறது. காதுக்கு மேலே ஒரு விரல் இடம். பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். எங்கேயும் அழுத்தவில்லை. அரைமணி நேரம் கழித்து அவள் "சாப்பிடும்போதாவது கழற்றுங்க" என்றபோதுதான் தலையில் இருப்பதே ஞாபகம் வந்தது.

கழற்றிக் கண்ணாடியில் பார்த்தேன். நெற்றியில் கோடு இல்லை.

டிசம்பர் 28, ஞாயிறு

கோட்டு இடுப்பில் தொளதொளவென்று இருக்கிறது, அவள் ஊசி நூலோடு உட்கார்ந்திருக்கிறாள். சாயங்காலம் ஹாலில் நடந்து பார்த்தோம். வாசல் கதவு கோயில் வாசல், ஃபிரிஜ் பீடம். என் வலது கையில் பாப்பா. படியில் எந்தக் கையால் கழற்றுவது, கழற்றி எங்கே வைப்பது? இடது கையால் கழற்றினால் விரல் மரத்திருப்பதால் நழுவுகிறது. இரண்டு தடவை விழுந்தது. மூன்றாவது தடவை பாப்பா என் வலது கையை விட்டுவிட்டு, என் இடது கையைப் பிடித்துத் தொப்பி ஓரத்தில் வைத்து, எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டினாள்.

அப்புறம் அஞ்சாறு தடவை நடந்தோம். விழவில்லை.

"டாடி, படிவரைக்கும் போகணுமா? வாசல்லயே கழற்றிடுறீங்களா, தாத்தா மாதிரி?"

தெரியவில்லை என்றேன். நாளை வாசலுக்குப் போனபிறகு சொல்கிறேன் என்றேன். கார் ஏழரைக்கு. தூங்குவதற்கு முன்னால் ஒரு தடவை அளந்தேன், 56.5.