சிரட்டையில் தேநீர் கேட்ட ரீச்சர்

நாங்கள் சைவக் குடும்பம். யாழ்ப்பாணத்து இணுவிலில் வீடு. வெள்ளிக்கிழமை கந்தசுவாமி கோயிலுக்குப் போய்வராமல் அம்மா பச்சைத் தண்ணீரும் குடிக்க மாட்டார். மருதனாமடத்தில் சைவப் பாடசாலையான இராமநாதன் கல்லூரி இருக்க, என்னைக் கிறிஸ்தவப் பாடசாலையான உடுவில் மகளிர் கல்லூரியில் சேர்த்ததற்கு ஒரே காரணம், அம்மம்மா அங்கே படித்தவர் என்பதுதான்.

நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது ஐயா மாரடைப்பால் காலமானார். செத்தவீட்டுக்கு வந்த, கிறிஸ்தவரான எங்கள் வகுப்பு ரீச்சர் பந்தலில் போட்ட கதிரையில் இருக்கவில்லை. உள்ளே வந்து பெண்களோடு பாயில் இருந்தார். வேதவசனம் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவின் கையைப் பிடித்தபடி வெகுநேரம் இருந்துவிட்டுப் போனார். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த கையோடு திரும்பவும் வந்தார். நான் தவறவிட்ட பாடங்களையெல்லாம் தன் கையாலேயே ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அதன்பிறகு அந்த வருடம் முழுவதும் சனிக்கிழமை காலைகளில் எங்கள் விறாந்தையில் எனக்குக் கணக்குச் சொல்லித் தந்தார். என் நெற்றித் திருநீற்றைப் பற்றி ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை.

அப்படி வந்த ஒரு நாளில் தோட்டத்தில் வெங்காயம் கிண்ட ஆட்கள் வந்திருந்தார்கள். அம்மா ரீச்சருக்குப் பித்தளை மூக்குப்பேணியில் தேநீர் கொடுத்தார். வேலைக்கு வந்த பெண்களுக்குக் கிணற்றடிப் பத்தியின் வளையில் செருகியிருந்த சிரட்டைகள். சாதி வழக்கப்படி அவர்கள் வேலியோரம் குந்தியிருந்துதான் குடிப்பார்கள். ரீச்சர் பேணியை வாங்கவில்லை. எழுந்து கிணற்றடிக்கே போனார்.

“எனக்கும் சிரட்டையிலையே தாங்கோ, தங்கச்சி. நான் இவையோட இருந்து குடிக்கிறன்.”

குரலில் கோபம் இல்லை. அம்மா கொஞ்ச நேரம் பேணியும் கையுமாக நின்றார். பிறகு குசினிக்குள் போய், விருந்தினருக்கென்று வைத்திருந்த மிச்சப் பேணிகள் எல்லாவற்றையும் எடுத்துவந்து கழுவித் தேநீர் வார்த்தார். ரீச்சரின் பக்கத்தில் இருந்த ஆச்சி பேணியை இரண்டு கையாலும் வாங்கி, சூடு ஆறும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த போகத்தில் வளையில் சிரட்டைகள் இல்லை. கதை பரவி, பெரியப்பா வீட்டார் எங்கள் வீட்டில் கைநனைக்காமல் விட்டார்கள். அம்மா அதையும் தாங்கிக்கொண்டார்.

வேதத்துக்கு, அதாவது கிறிஸ்தவத்துக்கு, மாறிய வீடுகளிலும் சாதி ஒழிந்துவிடவில்லை என்பது யாழ்ப்பாணத்தார் எல்லோருக்கும் தெரியும். வேதக் கோவிலில் ஒரே வாங்கில் இருந்தவர்கள் கலியாணப் பேச்சென்று வரும்போது பிரிந்துதான் நின்றார்கள். அதனால்தான் ரீச்சர் செய்தது எனக்கு இன்றும் பெரிதாகப் படுகிறது. ஊரை எதிர்த்ததோடு, தன் சபைக்குள் இருந்த வழக்கத்தையும் எதிர்த்தார்.

இந்தத் துணிவு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், அவர் விரும்பிச் சொன்ன எலைசா அக்னியூ அம்மையாரின் கதை நினைவுக்கு வருகிறது. நியூயோர்க்கில் 1807இல் பிறந்தவர். எட்டு வயதில் புவியியல் வகுப்பில் இருந்தபோதே மிஷனரியாக வேண்டும் என்று தீர்மானித்தவர். ஆனால் பெற்றோர் இருக்கும்வரை அவர்களைப் பராமரித்துவிட்டு, 1840இல்தான் யாழ்ப்பாணம் வந்தார். 1824இல் தொடங்கிய எங்கள் பாடசாலையை ஏறத்தாழ நாற்பது வருடம் நடத்தினார். 1883இல் மானிப்பாயில் கண்மூடும்வரை ஒருமுறைகூட ஊர் திரும்பவில்லை. தன்னிடம் படித்தவர்களின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் படிப்பித்தார். ‘ஆயிரம் புத்திரிகளின் தாய்’ என்று ஊர் அழைத்தது. அவர் மதம் மாற்றத்தான் வந்தார். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் ரீச்சர் அந்தக் கதையில் எடுத்துச் சொன்னது மாறியவர்களின் தொகையை அல்ல. “வந்தவ திரும்பிப் போகேல்லை, பிள்ளையள்” என்பதைத்தான் அழுத்திச் சொல்வார்.

ரீச்சரும் நாட்டைவிட்டுப் போகவில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் எங்கள் வலிகாமமே மழையில் தென்மராட்சிக்கு நடந்தபோது, ஓய்வுபெற்றிருந்த ரீச்சரும் அந்தக் கூட்டத்தில் நடந்தார். பிள்ளைகள் கனடாவுக்குக் கூப்பிட்டும் மறுத்துவிட்டார். சாவகச்சேரியில் அகதிகள் தங்கிய பாடசாலையொன்றில், மரத்தடியில் பிள்ளைகளைச் சேர்த்துக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார் என்று, அதே இடத்தில் தங்கியிருந்த அம்மா பின்னர் லண்டனுக்கு வந்து சொன்னார்.

அம்மா கடைசிவரை சைவராகவே இருந்தார், நானும் அப்படியே. ஆனால் லண்டன் ஈஸ்ற்ஹாமில் எவர் வீட்டிலாவது துக்கம் என்றால், தெரிந்தவரோ தெரியாதவரோ, புட்டும் கறியும் கட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போவார். எட்டு முடிந்த பிறகும் போவார். “எல்லாரும் போனாப்பிறகுதான் வீடு வெறிச்சோடும், ரீச்சர் அப்பதானே வந்தவ” என்பார்.

நம் பழைய மாணவியர் சங்க ஒன்றுகூடலுக்கு வர இயலாமல் வீட்டோடு இருக்கும் மூத்த மாணவியர் பலர் இந்த நகரில் இருக்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் அவர்களிடம் கேட்டு, சம்மதத்தோடு முகவரியைச் செயலாளரிடம் தாருங்கள். போய்வர நாங்கள் சிலர் ஆயத்தமாக இருக்கிறோம். கார் ஓட்டக்கூடியவர்கள் இன்னும் இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் குரொய்டன் பக்கமும் போகலாம்.